அக்காவின் சம்பளம்

காலையில் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டைக்குச் சம்பளத்துக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வரும் பராமரிப்பாளர் அக்கா, என்னைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றி, யூரின் பேக்கைக் காலி செய்து, முதுகுக்குக் கீழே எங்காவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார், ஏனென்றால் எனக்கு அங்கே உணர்வே கிடையாது, சின்னச் சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் படுக்கைப்புண்தான். இதைப் போய் "கூடமாட ஒத்தாசை" என்கிறவர்கள் ஒருநாள் வந்து என்னைத் தூக்கிப் பார்க்கட்டும்.

என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். முன்பு 1,500-ஆக இருந்ததை ஏற்றினார்கள். சரி, நல்லதுதான். ஆனால் டயப்பருக்கும் யூரின் பேக்குக்குமே அது பத்தாது, அப்புறம் சம்பளம் எதிலிருந்து கொடுப்பது? அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் போடச் சொல்லி 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவிலேயே இருக்கிறது.

ஏஜென்சி வழியாக வேலைக்குப் போனால் இதைவிட அதிகச் சம்பளம் கிடைக்கும் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிடிபி வேலையில் (கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் வடிவமைப்பது) வருவதைப் பிய்த்துத்தான் கொடுக்கிறேன், அதைக் கேட்டு வாங்க அவர்தான் கூச்சப்படுகிறார் (கூச்சப்பட வேண்டியது நானா அவரா?). அந்தப் பராமரிப்பாளர் படியை ஏதோ கைச்செலவுக் காசாக நினைக்காமல், ஓர் ஆளின் சம்பளமாகக் கணக்குப் போட்டு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், லீவு நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் அரசிடம் கேட்கிறோம்.