மரங்கள் குட்டையாகும் பாதை

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "சிகரம் தெரிஞ்சதா?" என்றுதான். தெரிந்தது. ஆனால் எனக்குப் பேசத் தோன்றுவதெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதையைப் பற்றி.

விமானம் இறங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர் உயரம். முகாம் 5,364 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பதை இந்த வழியில் மரங்களே சொல்லிவிடுகின்றன.

தூத் கோசி ஆற்றைத் தொங்குபாலங்களில் மாறி மாறிக் கடக்கும் முதல் பகுதி பைன் காடு. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்திருப்பதால் ஆற்றுநீர் வெளிறித் தெரிகிறது. அப்புறம் 3,440 மீட்டரில் நாம்சே பஜார். அந்த ஏற்றத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

தெங்போச்சே மடத்திலிருந்து தேபோச்சேக்கு இறங்கும் துண்டு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை போவேன். அது வடக்கு பார்த்த சரிவு. வெயில் சாய்வாகத்தான் விழும், பனி மெதுவாகத்தான் உருகும், மண்ணில் ஈரம் தங்கும். அதனால் பூர்ஜ மரமும் (ஆங்கிலத்தில் birch), ஊசியிலை மரமான ஃபிரும், பூத்துக் குலுங்கும் ரோடோடெண்ட்ரான் செடியும் நெருக்கியடித்து நிற்கின்றன. கிளையெல்லாம், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன், வெளிர்பச்சைச் சடைசடையாகத் தொங்குகிறது. தெற்கு பார்த்த சரிவுகளிலோ, கிட்டத்தட்ட இதே உயரத்தில், பழுப்புப் புல்லும் முட்புதரும்தான். வெயில் விழும் திசை ஒரு மலையை இப்படி இரண்டாக்கிவிடும் என்று படித்ததுண்டு. நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது.

அங்கே ரோடோடெண்ட்ரான் இலைகளைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். கடுங்குளிரில் ஒவ்வோர் இலையும் நீளவாக்கில் சுருட்டு மாதிரி சுருண்டு, காம்போடு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் செடியே பட்டுப்போனது போலிருக்கும். வெயில் ஏற ஏற, ஒவ்வொன்றாக விரிந்து நிமிர்கின்றன. உறைந்த இலையை வெயில் நேராகத் தாக்காமல் காத்துக்கொள்ளச் செடி கண்டுபிடித்த வழி இது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நான் ஒரு கிளை முழுக்க விரியும்வரை நகரவில்லை. பக்கத்திலேயே பூர்ஜ மரத்தின் பட்டை, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஏடு ஏடாக உரிந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. காஷ்மீரத்தில் பல நூற்றாண்டுகள் நூல்கள் எழுதப்பட்டது இந்தப் பட்டையில்தான். தயவுசெய்து மரத்திலிருந்து உரிக்காதீர்கள். 1976 முதல் இது சாகர்மாதா தேசியப் பூங்காவின் காடு.

பாங்போச்சே தாண்டியதும் மரம் என்று சொல்ல ஏதும் மிச்சமில்லை. ஆளுயரம் தாண்டி நின்ற ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடி, இடுப்பளவாகி, முழங்காலளவாகி, கடைசியில் தரையோடு படர்ந்துவிடுகிறது. திங்போச்சேயில் (4,410 மீட்டர்) கல்சுவர் கட்டிய வயல்கள். துக்லாவுக்கு மேலே பனியாறு தள்ளிக்கொண்டுவந்த கற்குவியலில் ஏறினால், எவரெஸ்ட்டில் உயிர்விட்டவர்களுக்கான நினைவுக் கற்குவைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதற்கப்புறம் சாம்பல் நிறம்தான். பனியாற்றின் மேலேயே கல்லும் மண்ணும் மூடிக் கிடப்பதால், அது பனியென்றே முதலில் தெரியாது. இடையிடையே உருகிய குட்டைகளில் கல் உருண்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

வழியில் யாக் கூட்டம் வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் கூடவே கூடாது. மந்திரம் பொறித்த கற்சுவர்களை வலக்கைப் பக்கம் விட்டு நடப்பது அங்கே மரியாதை.

முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பிலிருந்து ஹெலிகாப்டரில் திரும்புகிறவர்கள் இப்போது நிறைய. உடம்புக்கு முடியவில்லையென்றால் சரி, வேறு வழியில்லை. மற்றபடி நடந்தே இறங்குங்கள். ஏறும்போது மூச்சைக் கவனிப்பதிலேயே பாதிக் கண் போய்விடும். இறங்கும்போது ஜூனிப்பர் மறுபடி முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று வளர்ந்து வருவதை ஆற அமரப் பார்க்கலாம். ஏப்ரல் கடைசியிலோ மே முதலிலோ போனால் தேபோச்சே பக்கம் ரோடோடெண்ட்ரான் பூக்களும் கிடைக்கும்.