பசுபதிநாதரைத் தரிசிக்க இப்போது போகலாமா?

பசுபதிநாதர் கோயில் இருக்கும் நேபாளத் தலைநகர் காத்மாண்டு போய் வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "அங்கே கலவரமாச்சே, பயமாக இல்லையா?" என்றுதான். தாராளமாகப் போகலாம். இன்னும் சொல்லப்போனால் சிவபக்தர்கள் இப்போதுதான் போக வேண்டும்.

2025 செப்டம்பரில் நடந்தது சின்ன விஷயம் இல்லை. அரசு 26 சமூக ஊடகங்களை முடக்க, ஊழலால் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்த இளைஞர்கள் 8-ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள், அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றம், அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார், உச்ச நீதிமன்றம் எல்லாம் எரிந்தன, விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். கடைசியில் பலி 70-ஐத் தாண்டியது. 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரான பிறகு ஊர் மெல்ல அடங்கியது. ஆனால் அக்டோபரும் நவம்பரும்தான் அந்த ஊருக்கு ஆள் வருகிற காலம். அதற்குச் சரியாக முன்னால் இப்படி ஆகிவிட்டது.

நாங்கள் போனது கார்த்திகை பிறந்த வாரம். நியூ பானேஷ்வர் வழியாக டாக்சியில் போகும்போது நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னல்களுக்கு மேலே கரி அப்படியே படிந்திருந்தது. டிரைவர் வண்டியை மெதுவாக்கிக் கையை மட்டும் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. அதைத் தாண்டினால் கடைகள், பள்ளிப் பிள்ளைகள், வழக்கமான நெரிசல்.

சோமவாரக் காலையில் கோயிலுக்குப் போனோம். மேற்கு வாசலில் நுழைந்தால் முதலில் தெரிவது பிரம்மாண்டமான நந்தியின் முதுகு, பொன்முலாம் பூசியது, வெயில் பட்டு மின்னுகிறது. அதற்கு அப்பால் இரண்டு அடுக்குப் பொற்கூரை, நான்கு பக்கமும் வெள்ளிக் கதவுகள். நம் ஊர்க் கோயில்களில் சுவாமி ஒரு திசை பார்த்திருப்பார், நாம் அவர் முன்னால் போய் நிற்போம். இங்கே லிங்கத்துக்கு நான்கு திசையிலும் முகம். கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம், உச்சியில் உருவமில்லாத ஈசானம். சின்ன வயதிலிருந்து ஐந்து முகம், ஐந்து முகம் என்று பூஜையில் சொல்லி வந்ததை வாசல் வாசலாகப் போய்க் கண்ணால் பார்க்கிறபோது என்ன சொல்வது, அகோர முகத்துக்கு நேரே நின்றபோது எனக்கு ஐந்தெழுத்துகூட வாயில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. நான்கு கதவுகளும் திறந்திருப்பது காலை அபிஷேக நேரத்தில்தான், அதனால் சோம்பல் படாமல் காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அங்கே லிங்கத்தைத் தொட்டுப் பூஜை செய்கிறவர்கள் கர்நாடகத்திலிருந்து போன பட்டர்கள், தலைமுறைகளாக இருக்கும் வழக்கம் இது. 2009-இல் இதை மாற்றப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. இமயமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு நம் தெற்கத்திச் சுரத்தில் ருத்ரம் கேட்பது ஒரு பாக்கியம்.

கோயிலை ஒட்டிப் பாக்மதி ஓடுகிறது. கரையில் ஆரிய காட், அதாவது மயானம். போராட்டத்தில் இறந்தவர்களில் பலரை செப்டம்பர் 16-ஆம் தேதி அரசு மரியாதையோடு தகனம் செய்தது இங்கேதான். நாங்கள் இருந்த வாரத்தில் பாலா சதுர்தசியும் வந்தது. அந்த வருஷம் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் இரவெல்லாம் கோயிலைச் சுற்றி அகல் ஏற்றிக் கண்விழித்து, விடிந்ததும் ஏழு தானியங்களைத் தூவிக்கொண்டே நடக்கிறார்கள். நெல், கோதுமை, வாற்கோதுமை, எள், கடலை, மக்காச்சோளம், தினை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மிருகஸ்தலி மேட்டில் ஒரு வயதான தம்பதி வெள்ளைத் துணி முடிச்சிலிருந்து எடுத்து எடுத்துத் தூவினார்கள். பின்னாலேயே குரங்குகள் வந்து பொறுக்கித் தின்றன, அவர்கள் விரட்டவே இல்லை. அந்த அம்மா ஒரு கைப்பிடி தானியத்தை என் கையிலும் கொடுத்தார். யாருக்கென்று கேட்க மனம் வரவில்லை. செப்டம்பரில் போன அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு தூவினேன்.

வாசலில் சாமந்தி மாலை விற்ற அக்கா ஒருவர், அங்கே 'தீதி' என்று கூப்பிடுகிறார்கள், அரைகுறை இந்தியில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். தசைன் பண்டிகைச் சமயத்தில்கூட இந்தியாவிலிருந்து வழக்கமாக வருகிற பஸ்கள் வரவில்லையாம், கட்டிய மாலைகள் கூடையிலேயே வாடிப்போயிற்றாம். "மதராஸிலிருந்தா? உங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள் பாய், வரச் சொல்லுங்கள்" என்றார். பூக்காரர், ருத்ராட்சக் கடைக்காரர், விடுதியில் சப்பாத்தி போடுகிற பையன், இவர்கள் யாரும் எதையும் கொளுத்தவில்லை. நாம் பயந்து டிக்கெட்டை ரத்து செய்தால் அடி விழுவது இவர்கள் மேல்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விசா வேண்டாம். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 160. கோயிலுக்குப் பக்கத்திலேயே குஹ்யேஸ்வரி அம்மன் சக்தி பீடம் இருக்கிறது, அவளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நகரத்தின் வடக்குக் கோடியில் புத்தநீலகண்டத்தில் பெருமாள் திறந்தவெளிக் குளத்து நீரில் ஆதிசேஷன்மேல் மல்லாந்து சயனித்திருக்கிறார், ஒரே கருங்கல். நாள் இருந்தால் போக்ரா, ஜோம்சோம் வழியாக முக்திநாத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்ற பெருமாள் தலம் அது.

கலவரத்துக்குப் பிறகு 2026 மார்ச் 5-ஆம் தேதிக்குத் தேர்தல் வைத்திருந்தார்கள். மகாசிவராத்திரி அன்று கோயிலில் லட்சக்கணக்கில் கூடுவார்கள், சன்னதியில் நிற்க நேரமே கிடைக்காது. நிதானமாக நான்கு வாசலிலும் நின்று தரிசிக்க வேண்டும் என்றால் தை மாதத்திலேயே கிளம்புங்கள், குளிருக்கு மட்டும் நல்ல ஸ்வெட்டர் வேண்டும்.