எந்த வருஷத்து ஏப்ரல்?

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் நாலு பேர். செம்பனைப் பழம் வாங்கும் ராம்ப்புகளுக்கு, அதாவது கொள்முதல் நிலையங்களுக்கு, எடை, பட்டுவாடா, விலைப்பட்டியல் பார்த்துக்கொள்ளும் செயலி செய்கிறோம். 2025-க்கு ரோட்மேப், அதாவது எந்த வசதி எப்போது வரும் என்ற அட்டவணை, போட்டவன் நான்தான். ஒரே மதியத்தில் போட்டு முடித்தேன். ஒரு வருடம் பட்டேன்.

அட்டவணையின் அடியில் "தேதிகள் உத்தேசமே" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். விற்பனை பார்க்கும் தம்பி அதைப் படம் பிடித்து ஒரு ராம்ப்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அடி வரி மட்டும் வெட்டுப்பட்டுப் போனது. இணைய லைன் இல்லாமலே எடை பதியும் வசதி ஏப்ரலில் வரும் என்று அதில் இருந்தது. ஜூனில் வேறு வேலையாக அங்கே போனபோது எடைமேடை அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஏப்ரல்னு சொன்னீங்க. எந்த வருஷத்து ஏப்ரல்?"

மழை வந்து லைன் போனால் எழுதுவதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். லோரி எண், மொத்த எடை, காலி லோரி எடை. ஒரு பக்கத்தில் 8-ஐ 3 என்று செயலியில் ஏற்றிவிட்டு, லோரிக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு வாய் எழவில்லை.

அந்த ஏப்ரல் வேலையைத் தின்றது ஜூலை 1. ஆண்டு விற்பனை 50 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டி 2.5 கோடி வரை உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்துக்கு மின்வழியில் அனுப்பும் ரசீது, கட்டாயமாகும் நாள். மீறினால் ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. இதில் மட்டும் தப்பித்தோம். வருமான வரி வாரியம் முதல் ஆறு மாதத்துக்குச் சலுகை தந்திருந்தது: மாதக் கணக்கை ஒன்றாகத் திரட்டி, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் அனுப்பினால் போதும். அதை மட்டும் செய்தோம், தேதியில் கொடுத்தோம். பழப் பரிமாற்றத்துக்குத் தனித்தனி ரசீது அப்புறம் வந்தது. யாரும் கேட்கக்கூட இல்லை.

அந்தப் புத்தி அடுத்ததில் வரவில்லையே, அதுதான் எரிச்சல். காடழிப்பு இல்லாத பழம் என்று காட்ட ஐரோப்பியச் சட்டம் நிலத்தின் இருப்பிடம் கேட்கிறது. கெடு 30 டிசம்பர் 2025. நான் செப்டம்பர் இறுதி என்று எழுதி, எல்லா நிலத்துக்கும் எல்லைக்கோடு வரையும் கருவி செய்யச் சொன்னேன். செப்டம்பரில் பழம் கொட்டுகிறது. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். அந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வா என்றால் யார் வருவார்கள்? இரண்டு தடவை போய்ச் சும்மா திரும்பினோம். மூன்றாம் தடவை ஆள் கிடைத்தார். ஓலை மறைப்பில் போன் தடுமாறி, கோடு வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது.

பிறகுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். நாலு ஹெக்டர் வரை ஒரே ஒரு புள்ளி போதும். எங்கள் ராம்ப்புகளுக்குப் பழம் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பத்து ஏக்கரே கிடையாது! மூன்று வாரத்தில் முடிந்திருக்க வேண்டியதற்கு மூன்று மாதம் செலவழித்தோம். போதாததற்கு, டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மறுபடி தள்ளிப்போட்டார்கள். பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இப்போது 30 டிசம்பர் 2026. 2024-லும் ஒருமுறை தள்ளிப்போன தேதிதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்போது அட்டவணையில் "இப்போது", "அடுத்து", "பிறகு" என்று மூன்றே பத்தி. "தவறினால் யார் அபராதம் கட்டுவார்?" என்று கேட்டுப் பதில் இருந்தால்தான் பக்கத்தில் தேதி எழுதுகிறேன். அந்தத் தேதியை விதித்தது யார், ஏற்கெனவே எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள் என்பதும் கூடவே இருக்கும். தேதி உள்ள வேலையில் தவிர்க்கவே முடியாதவை உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மிச்சத்தை நெருக்கடியில் வெட்டலாம். வாடிக்கையாளருக்கு "மழைக்காலத்துக்கு முன்" மாதிரிதான் சொல்கிறோம். தம்பிக்கு அட்டவணையே கொடுப்பதில்லை, சொல்லத்தக்க மூன்று வரியை எழுதிக் கொடுக்கிறேன். கோபித்துக்கொண்டான், ஒரு ரோட்டி சானாயில் சரியானான்.

லைன் இல்லாத எடைப் பதிவு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. அக்கா ஒரு மழை நாளில் பார்த்துவிட்டு "ஆ, வேலை செய்யுதே" என்றார். நோட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. பேனாவைச் செருகி, இழுப்பறையில் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறார்.