ஸ்பிட்ஃபயர் விமானி அறைக்கு ரெசின் பாகங்களைத் தயார் செய்தது

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் 1/48 அளவிலான மாதிரியில், கிட்டுடன் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்புடன்) வந்த பிளாஸ்டிக் விமானி அறைக்குப் பதிலாக, தனியாக விற்கப்படும் ரெசின் (திரவமாக வார்த்து இறுகவைக்கும் பிளாஸ்டிக்) அறையைப் பொருத்தினேன். இறக்கையின் இரு நுனிகளுக்கு இடையே ஏறத்தாழ 23 சென்டிமீட்டரே உள்ள மாதிரி அது. ஆனாலும் பார்ப்பவர் கண் முதலில் விமானி அறைக்குள்தான் போகும் என்பதால், அதற்கான செலவும் உழைப்பும் தகும் என்பது என் கருத்து.

ரெசின் பாகங்கள் சிலிகான் ரப்பர் அச்சில் வார்க்கப்படுபவை. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்படும் வழுக்குப் பொருள் அவற்றின்மேல் படிந்திருந்தால் பசையும் சரியாகப் பிடிக்காது, பெயிண்டும் நிற்காது. ஆகவே பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, டீ வடிகட்டியில் போட்டு அலசினேன். பாகங்களை, வார்க்கும்போது அவற்றோடு சேர்ந்தே உருவாகும் வார்ப்புக் கட்டையிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன்பே கழுவிவிடுவது நல்லது. பிடித்துக்கொள்ளவும் வசதி, மெல்லிய நெம்புகோல்களும் உடையாமல் தப்பும்.

இந்த வேலையின் உயிர்நாடி அந்த வார்ப்புக் கட்டையை அகற்றுவதில்தான் இருக்கிறது. மெல்லிய பல் கொண்ட சிறு ரம்பத்தால், பாகத்தின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளியே அறுத்தேன். மீதியை, கண்ணாடித் துண்டின்மேல் விரித்த 400 எண் வாட்டர் பேப்பரில் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில்), தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துக் குறைத்தேன். தண்ணீர் பால்போல் கலங்கும்; அவ்வப்போது கழுவி, பாகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், தேய்ந்து மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவுவது தெரியும். பக்கச்சுவர் முழுவதும் ஒரே அளவில் வெளிச்சம் கசிந்தால் தேய்ப்பு சமமாக இருக்கிறது என்று பொருள். ரெசின் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் நீர் விட்டுத் தேய்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. அறுக்கும்போது என்95 முகக்கவசமும் அவசியம், மேசையில் படிந்த கலங்கலைக் காயும் முன்பே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

இருக்கைக்குப் பின்னாலுள்ள சட்டம் சற்று வளைந்திருந்தது. சூடான நீரில் சிறிது நேரம் வைத்து, இளகியதும் கண்ணாடியின்மேல் நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கியதும் அப்படியே நிலைத்துவிட்டது. காற்றுக்குமிழியால் வந்த ஊசித்துளைகளை ஃபெவிக்விக்கும் டால்கம் பவுடரும் கலந்து அடைத்தேன். அதை இறுகிய சிறிது நேரத்திலேயே தேய்த்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகிவிடும்.

அடுத்து, பிளாஸ்டிக் உடலின் உட்புறத்தையும் மெலிதாக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சுரண்டுவதும், பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பதும், மறுபடி சுரண்டுவதுமாக, உடலின் இரு பாதிகளும் அழுத்தாமலேயே மூடிக்கொள்ளும்வரை இதைத் தொடர்ந்தேன். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை, அந்தக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது. ரெசினில் அது பயன்படாது. பக்கச்சுவர்களை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தேவைப்பட்டதால் அவற்றுக்கு ஐந்து நிமிட எபாக்சியும், சிறு பாகங்களுக்கு ஃபெவிக்விக்கும் பயன்படுத்தினேன்.

இவை முடிந்த பிறகே, பெயிண்டுக்கு அடிப்பூச்சாக லாக்கர் பிரைமர் அடித்தேன். அதன் சாம்பல் பூச்சில் வெளிப்பட்ட ஓரிரு கீறல்களை 1000 எண் தாளால் நீக்கிவிட்டு, உட்சுவர்களுக்குச் சாம்பல் பச்சையும், இருக்கைக்குச் செம்பழுப்பும் தீட்டினேன்.