26 மணி நேரம்

"மணியை நீதானே அடிப்பாய்?" என்று, இறந்துபோன எங்கள் தீயணைப்புத் தோழரின் மனைவி கேட்டார். தீ அழைப்பு வரும் கணவருடைய பேஜர் சமையலறை மேடையில் இன்னும் சார்ஜரில்தான் இருந்தது. "அது பணியில் உயிர் விட்டவர்களுக்கு மட்டும்தான்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷமாகியும் அந்த "சரி" என்னை விடவில்லை.

பென்சில்வேனியாவில் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் கம்பெனியின் மரியாதை அணியில், அடக்கத்தின்போது அடிக்கும் மணி என் பொறுப்பு. ஐந்து ஐந்தாக மூன்று முறை அடிக்க வேண்டும். தீயணைப்பு நிலையங்களுக்குத் தந்தியில் செய்தி போன காலத்து வழக்கம் அது. மணிக்குப் பித்தளை மெருகு போடுவதும் நான்தான்.

அன்று மாட்டுக்கொட்டகையில் தீ. அறுபதைத் தாண்டியவர், நனைந்த வைக்கோல் கட்டுகளை விடிய விடியக் கொக்கியால் இழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திரும்பினோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, தன் வீட்டு வாசலில், மாரடைப்பு.

கடுமையான அழைப்புக்குப் போய் வந்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் மாரடைப்பு வந்து இறந்தால் அதைப் பணியில் நேர்ந்த சாவாகக் கருத வழி செய்தது 2003-ல் வந்த கூட்டரசுச் சட்டம். அது குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகைக்கான கணக்கு. மணிக்கும் அதையே வைத்துக்கொண்டது நாங்கள். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்காக எம்மிட்ஸ்பர்க்கில் இருக்கும் தேசிய நினைவிடத்துக்கு நான் போயிருக்கிறேன். வெண்கலத்தில் பொறித்த பெயர்களை விரலால் தடவிப் பார்த்தபடி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அடித்தால் அவர்களுக்கு அடித்ததற்கு என்ன பொருள்? நான் சொன்னது சரிதான்.

ஆனால் இந்த நாட்டில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பெரும்பங்கு நெருப்பால் போவதில்லை, இதயம் நின்று போகிறார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் அதை எடுத்துச் சொல்கிறவனே நான்தான். அப்படியிருந்தும் அந்தச் சமையலறையில் 26-லிருந்து 24-ஐக் கழித்துக்கொண்டு நின்றேன். "தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு பைசா வாங்காமல் முப்பது வருஷம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிய மனிதர் அவர்.

அடக்கத்தன்று மற்ற எல்லாம் முறைப்படி நடந்தது. பெட்டிக்கு இரு பக்கமும் காவல் நின்றோம், கொடியை மடித்தோம், ஹெல்மெட்டை அவர் மனைவி கையில் கொடுத்தோம். வெள்ளைக் கையுறைக்குள் என் விரல்கள் வியர்த்திருந்தன. அப்புறம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவர் தீக்குப் போட்டுப்போன கோட்டைத் துவைத்துவிடாதே." புகையில் படிந்த நச்சு புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்பதால், தீக்குப் போய் வந்த கோட்டைத் துவைக்காமல் வைப்பதில்லை. ஞாயிறு மதியமே அதை மெஷினில் போட்டிருந்தார்கள். போட்டதும் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில், பணியில் இருக்கும் உறுப்பினர் எப்படி இறந்தாலும் மணி அடிக்கலாம் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒத்துக்கொண்டால் அவருக்கு அடிக்காதது தவறு என்று ஆகிவிடுமே என்ற பயமா, உண்மையிலேயே அந்த 24 மணி நேர வரம்பை நம்புகிறேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு வாக்கில் தீர்மானம் தோற்றது.

அந்தக் கோட்டு நிலையத்தில் அவருடைய கொக்கியில்தான் தொங்குகிறது. சோப்பு வாசனைதான் வருகிறது. கேட்டு அவர் மனைவி இதுவரை வரவில்லை.