வேளச்சேரியிலிருந்து கோபன்ஹேகனுக்கு: மழைத்தண்ணீர் படிக்கப் போன ஒரு செமஸ்டர்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதந்து வந்து சோபாவில் முட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு நாள் மாடி வீட்டு அக்காவின் ஒற்றை அறையில் ஒன்பது பேர் இருந்தோம். இவ்வளவு தண்ணீரும் எங்கே போக வேண்டியது, ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தது என்ற கேள்வி அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியதுதான். பி.ஆர்க் (கட்டடக்கலை) முடித்துவிட்டு எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) சேர்ந்ததற்கும், அதிலிருந்து 2023 இலையுதிர் செமஸ்டருக்கு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் போனதற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

எப்படிப் போனாய், எவ்வளவு செலவாகும், என்ன படித்தாய் என்று ஜூனியர்கள் பலர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரிக்கும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தது. இதில் படிப்புக் கட்டணத்தை வழக்கம்போல் இங்கேயே கட்டிவிடலாம், அங்கே தனியாகக் கட்ட வேண்டியதில்லை. எங்கள் வீட்டு நிலைமைக்கு இந்த ஒரு வழிதான் சாத்தியம். கல்லூரிக்குள் தேர்வு ஜனவரியில் தொடங்கியது. ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். முதலில் பருவநிலை, எதிர்காலம் என்று பொதுவாக எழுதிக் கொடுத்தேன், எங்கள் பேராசிரியர் படித்துவிட்டு, "இதை யார் வேணா எழுதலாம்மா, உன் தெருவைப் பத்தி எழுது" என்று திருப்பிக் கொடுத்தார். வேளச்சேரி ஏரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தும் எங்கள் பகுதி மக்கள் என்று மறுபடி எழுதினேன். இடம் கிடைத்தது. விண்ணப்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான விஷயம் இது ஒன்றுதான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தைப் பற்றி எழுதுங்கள்.

அப்புறம் பேப்பர் வேலை. லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒன்று உண்டு, அங்கே எந்தப் பாடங்களை எடுக்கப் போகிறீர்கள், அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடு என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் தாள். ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் கிரெடிட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடச்சுமையை அளக்கும் அலகு அது. இந்தத் தாளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கடைசியில் இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். டென்மார்க்கில் படிக்க ரெசிடென்ஸ் பர்மிட் வேண்டும். ஆன்லைனில் கேஸ் ஆர்டர் ஐடி என்ற விண்ணப்ப எண்ணை உருவாக்கி, கட்டணம் கட்டி, படிவத்தின் ஒரு பகுதியை அந்தப் பல்கலைக்கழகமும் மறுபகுதியை நாமும் நிரப்பி, விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது, தங்கப்போகும் மாதங்களுக்கு அந்தப் பணத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். அப்பாவின் வைப்புத்தொகைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன், கணக்கு என் பெயரில் இருக்க வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் புரிந்தது. வங்கிக்கு மூன்று நாள் நடந்தோம். ஜூன் தொடக்கத்தில் கைரேகை கொடுத்தேன், பர்மிட் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வந்தது, டிக்கெட் விலை அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

வீடு தேடுவது இதையெல்லாம் விடக் கஷ்டம். கோபன்ஹேகனில் மாணவர் விடுதி அறைக்குப் பெரிய போட்டி. தனியார் வீட்டில் மூன்று மாத வாடகை வரை டெபாசிட்டும், அதற்கு மேல் மூன்று மாத வாடகை முன்கூட்டியும் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. ஒரு குரோனர் (டேனிஷ் நாணயம்) அப்போது கிட்டத்தட்ட பன்னிரண்டு ரூபாய், பெருக்கிப் பார்த்தால் இரவு தூக்கம் வராது. நான் பேசிய ஒருவர் வாடகையைக் குறைத்துச் சொல்லி, "ஆனால் இந்த முகவரியில் பதிவு செய்யக்கூடாது" என்றார். அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு சிபிஆர் எண் வேண்டும், நம் ஆதார் மாதிரி. அது இல்லாமல் டாக்டரிடம் போக மஞ்சள் அட்டை கிடைக்காது, வங்கிக்கோ வேறு எதற்கோ ஆன்லைனில் நுழையும் மிட்ஐடி கிடைப்பதும் கஷ்டம். அந்த எண்ணுக்கு முகவரிப் பதிவுதான் ஆதாரம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் பதிவு செய்ய விடாத வீட்டுக்குப் போகாதீர்கள். எனக்குக் கடைசியில் விடுதியில் ஒரு அறை கிடைத்தது, பன்னிரண்டு பேருக்கு ஒரு சமையலறை. ரசம் வைத்த முதல் நாள் மூன்று பேர் வாசனை பிடித்து வந்து கிண்ணத்தோடு நின்றார்கள்.

போன இரண்டாவது நாளே பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன், 900 குரோனர். நிற்கப் போகிறோம் என்றால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் சாலையின் நடுவுக்குப் போகாமல் நேராகக் குறுக்கே கடந்து அந்தப் பக்க மூலையில் நின்று, சிக்னல் மாறியதும் போக வேண்டும். நோரெப்ரோ என்ற பகுதியின் பிரதான சாலையில் காலை நேரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் பச்சை விளக்குகள் தொடர்ந்து கிடைக்கும், சிக்னல்களைச் சைக்கிளின் வேகத்துக்கு அமைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தை தனிச் சைக்கிளில் அம்மாவுக்கு முன்னால் போவதைத் தினமும் பார்ப்பேன். வேளச்சேரி நூறடி சாலையில் என் தம்பி சைக்கிள் எடுத்தால் அம்மா வாசலிலேயே நிற்பார். ஒரு நகரத்தில் பயமில்லாமல் நடமாட முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை சின்னச் சின்ன அளவுகள், உயரங்கள், விநாடிக் கணக்குகள் இருக்கின்றன என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

2011 ஜூலை 2-ஆம் தேதி கோபன்ஹேகனில் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 15 செ.மீ. மழை கொட்டியது. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகும் பழைய நகரம், குழாய் நிரம்பி அடித்தளங்களுக்குள் கழிவுநீர் பொங்கியது. நஷ்டம் சுமார் 600 கோடி குரோனர். அங்கே அரைமணி நேரத்தில் 15 மி.மீ.க்கு மேல் பெய்தால் அதற்குப் பெயரே 'மேகம் உடைவது', நம் மேகவெடிப்பு மாதிரி. 15 மி.மீ. என்று கேட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது, 2015-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. ஆனால் அந்த 2011 மழைக்கு அடுத்த வருடமே, 2012-இல், நகரம் முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டார்கள். பெரிய குழாய்களை மட்டும் புதைப்பதற்குப் பதிலாக, எந்தத் தெருவில் தண்ணீர் ஓடலாம், எந்தப் பூங்காவில் நிற்கலாம், எங்கே கடலில் சேரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் மழையிலும் தெருவில் சராசரியாக 10 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது இலக்கு. சுமார் 300 சிறிய, பெரிய வேலைகள், இருபது வருடம்.

எங்கள் ஸ்டுடியோ பாடத்தில் (செய்முறை வடிவமைப்பு வகுப்பு) இவற்றில் சில இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனோம். ஓஸ்டர்ப்ரோ பகுதியில் டோசிங்கே பிளாஸ் என்று ஒரு சின்னச் சதுக்கம், 2014-இல் திறந்தது. தாரால் மூடிக்கிடந்த இடத்தைத் தோண்டி, பள்ளமாக்கி, செடி வைத்திருக்கிறார்கள், பக்கத்துக் கூரைகளின் தண்ணீர் அங்கே வந்து மண்ணில் இறங்கும். கவிழ்த்துப் பிடித்த குடை மாதிரி சிலைகள் மழையைப் பிடிக்கும். எங்ஹேவ பார்க் இன்னும் பெரிய வேலை: பழைய பூங்காவின் மூன்று பக்கங்களில் தாழ்வான சுவர் எழுப்பி, பெருமழையில் 22,600 கன மீட்டர் தண்ணீர் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் குழந்தைகள் அங்கே ஹாக்கி விளையாடும் பள்ளம், மழை நாளில் குளம்! முதல் முறை பார்த்தபோது அந்த விளிம்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இது நம் ஏரிதான், வேறு உடையில்.

எனக்கு அங்கே வடிவமைப்பைவிட முக்கியமாகப் பட்டது பணமும் பொறுப்பும். தண்ணீரைத் தாங்கும் பகுதிக்கான செலவைத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து குடிநீர், கழிவுநீர் நிறுவனம் தரும், மரம், பெஞ்சு, விளக்கு ஆகியவற்றுக்கு மாநகராட்சி தரும், இதற்காகவே சட்டத்தில் வழி செய்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் வரைபடத்தில் ஒரு நிறம், ஒரு எண், யார் செய்வது என்று ஒரு பெயர். எங்கள் ஊரில் கால்வாய் ஒரு துறை, சாலை ஒரு துறை, சதுப்பு நிலம் இன்னொரு துறை. மழை வந்ததும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வரைபடத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது, மிகைப்படுத்தவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் என் பகுதியின் வரைபடத்தைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஆசிரியை (அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது பழக எனக்கு ஒரு மாதம் ஆனது) ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வீடுகள் வருவதற்கு முன் இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போனது? எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அந்தத் தண்ணீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு அது போன வழி தெரியவில்லை. அன்று இரவு பாட்டிக்கு போன் போட்டேன். கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்தபோது எங்கள் தெரு இருக்கும் இடம் வயல் என்றார். "ஏரி ரொம்பினா கலங்கல் தாண்டி ஓடும்டி. வயலுக்குள்ள பூந்து, கரணைப் பக்கம் போயிரும். மீன் கூட வரும், உங்க தாத்தா துண்டு போட்டுப் புடிப்பாரு." பாட்டி சொல்லச் சொல்ல நான் வரைந்துகொண்டேன். அடுத்த வாரம் அதைச் சுவரில் ஒட்டினேன். அரைகுறைக் கோடுகள்தான், ஆனால் உயர வேறுபாட்டு வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தியது.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அங்கே பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம். காலையில் அம்மா அனுப்பிய வீடியோவில் தண்ணீர் வாசற்படியின் இரண்டாவது படியில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. போன் போகவில்லை, சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, எனக்குத் தெரிந்த எல்லா எண்களும் அணைந்திருந்தன. மேஜையில் வேளச்சேரிக்கு நான் செய்த மாதிரி வடிவம், அட்டையில் வெட்டி ஒட்டியது, பாதி முடிந்து கிடந்தது. அதில் தண்ணீர் நிற்கும் என்று நான் நீலம் பூசியிருந்த தெருவில்தான் எங்கள் வீடு இருக்கிறது. ஸ்டுடியோவில் கூடப் படித்த ஒரு டேனிஷ் பெண் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரவு பதினொன்று வரை இருந்தாள். மறுநாள் மாலை அப்பா யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டு, எல்லோரும் மாடியில் இருக்கிறோம், சாப்பாடு இருக்கிறது, நீ பரீட்சைக்குப் படி என்றார். 2015-க்குப் பிறகு அப்பா எல்லாப் பத்திரங்களையும் பரணில் வைத்திருந்தார், அவை நனையவில்லை.

தேர்வு ஜனவரியில், வாய்மொழித் தேர்வு. நம் ஆசிரியரோடு வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். மதிப்பெண் விநோதமான வரிசை: -3, 00, 02, 4, 7, 10, 12. எனக்கு 10 கிடைத்தது. அங்கே செய்வதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று நான் சொன்னதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழை அங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழைக்குக் குறைந்ததில்லை, நம் நிலமோ தட்டை. சதுக்கத்தில் பள்ளம் தோண்டினால் போதாது, ஏரியும் ஓடையும் சதுப்பு நிலமும் ஒன்றோடொன்று தொடுப்பு அறாமல் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபன்ஹேகனைக் கோயில் மாதிரி யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. 2025-க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்ற இலக்கை எட்ட முடியாது என்று 2022-இல் நகரமே ஒப்புக்கொண்டதை ஒரு முழு வகுப்பு பேசினோம். தோற்றுப்போன கணக்கை மாணவர்கள் முன் விரித்து வைப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரும்பி வந்ததும் லேர்னிங் அக்ரிமென்ட் கதை. அங்கே போன முதல் வாரத்தில் ஒரு பாடத்தை மாற்றிக்கொண்டேன், மின்னஞ்சலில் சரி என்று பதில் வந்தது, திருத்திய தாளில் கையெழுத்து வாங்கவில்லை. இங்கே அந்தப் பாடத்தை ஏற்க நான்கு மாதம் ஆனது, அலுவலகத்துக்கும் துறைக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. எந்த மாற்றமானாலும் இரண்டு பக்கக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பிடிஎஃப் கையில் இல்லாமல் ஊர் திரும்பாதீர்கள்.

எம்.பிளான் ஆய்வுக்கு வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் போகும் பாதைகளையே எடுத்துக்கொண்டேன், வீராங்கல் ஓடையும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் கூட வருவார், அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு. பாட்டி சொன்ன வழியில் நடந்து போனபோது ஒரு மளிகைக் கடைப் பெரியவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கடைக்கு முன்னால் கிடந்த சிமென்ட் பலகையைக் கம்பியால் நெம்பித் தூக்கிக் காட்டினார். கீழே ஒரு பழைய மதகுக் குழாய், பாதிக்கு மேல் மண் அடைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அகலத்தை அப்பா அளந்து சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.