வீடு அவளுடையது, வேலை என்னுடையது

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் சில அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் தொழிலை நானும் என் தோழியும் சேர்ந்து நடத்துகிறோம். வீடு அவள் குடும்பத்துடையது. அவள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். ஓட்டல் வரவேற்புப் பிரிவில் பல வருடம் இருந்த நான், இங்கேயே தங்கி அன்றாடம் கவனித்துக்கொள்கிறேன். இப்படித் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் விசாரிப்பது எந்தச் செயலியில் சேர்வது, படம் எப்படி எடுப்பது என்பதைத்தான். அவை எளிதில் முடிந்துவிடும். எங்களுக்கு நாள் பிடித்தது பார்ட்னர்ஷிப் பத்திரம். அதற்குச் செலவழித்த ஒவ்வொரு நாளும் தகும்.

"முதல் வருடம் நட்டம் வந்தால் யார் எவ்வளவு போடுவீர்கள்?" என்றுதான் ஆடிட்டர் ஆரம்பித்தார். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் லாபமும் நட்டமும் சரிபாதி. வேலை பார்க்கிற கூட்டாளிக்குத் தனியாகச் சம்பளமும் கிடையாது. விடியற்காலையில் காபி போடுவதிலிருந்து நள்ளிரவில் வருகிறவர்களுக்குக் கதவு திறப்பது வரை ஒருத்தியே செய்யும் தொழிலில் இது பெரிய விஷயம். எனக்கு மாதச் சம்பளம், அது போக மீதியில் பாதிப் பாதி என்று எழுதினோம். இதில் வரிப் பயனும் உண்டு. கூட்டு நிறுவனத்துக்கு லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வருமான வரி. பத்திரத்தில் குறிப்பிட்ட சம்பளத்தை மட்டும், சட்டம் சொல்லும் வரம்புக்குள், செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

வீட்டை நிறுவனத்துக்குள் கொண்டுவரவே இல்லை. ஒரு கூட்டாளி தன் சொத்தைத் தொழிலின் முதலாகக் கொண்டுவந்தால் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும். தொழில் கடனில் விழுந்தால் தாத்தா காலத்து வீடும் சேர்ந்து போகும். அவள் தயங்கிக்கொண்டிருந்தாள், வீடு வெளியே இருக்கட்டும் என்று நானே சொன்னேன். நிறுவனம் வீட்டுக்கு மாத வாடகை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம். வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குப் பிரிந்திருக்கும். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. எங்களுக்குக் கிடைத்தது அவள் அப்பாவின் பங்கு. ஆனாலும் விருந்தினர் வளவைக் கடக்காமல் அறைக்குப் போக முடியாது. ஆகவே எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் தேவைப்பட்டது. மலேசியாவில் இருக்கும் சித்தப்பா அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பங்காளிகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ குடும்பம் கூடும் நாட்களில் வெளியார் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. மிக நியாயமான கோரிக்கை. அந்தத் தேதிகளை முன்கூட்டியே வாங்கி, முன்பதிவு நாட்காட்டியில் அடைத்துவிடுகிறேன்.

பணம் அதிகம் போனது குளியலறைகளுக்கு. அறைக்குள்ளேயே குழாய் வேண்டாம் என்று வயதான கொத்தனார் பிடிவாதமாக நின்றார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் அது. ஈரம் ஏறிய இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பிக்கொண்டு வரும் என்று ஒரு மூலையைத் தட்டிக் காட்டினார். 'டொக் டொக்'கென்று வெற்றுச் சத்தம் கேட்டது. பின்கட்டில் புதிதாகக் கட்டினோம். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிப் பூக்கற்களுக்கு ஆசிட் ஆகாது. வீடு துடைக்கும் அக்கா தண்ணீரால் துடைத்துவிட்டு, பழந்துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்ப்பார். சிவப்பும் பச்சையும் அப்போது எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும்!

அனுமதிகளில் முக்கியமானது சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவு. மத்திய அரசின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கைகள். வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து இந்தப் பெயரில் நடத்த முடியாது. தோழியின் அம்மா அங்கேயே வசிக்கிறார் என்பதால் விண்ணப்பம் அவர் பெயரில் போனது. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் ஸ்கேன் செய்யாமல் நான் சாவி கொடுப்பதில்லை. "பிள்ளை களைத்துப்போய் வந்திருக்கிறது, முதலில் தண்ணீர் கொடு" என்று ஆச்சி, அதாவது தோழியின் அம்மா, கண்டிப்பார். தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஸ்கேன் முடிந்துவிடும்.

பத்திரத்தின் கடைசிப் பகுதி பிரிவைப் பற்றியது. அதைப் பேசும்போது தோழியின் கண் கலங்கியது. இப்போதே பிரிவைப் பற்றி ஏன் என்றாள். இருந்தும் உட்கார்ந்து எழுதினோம். விலக நினைப்பவர் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்குள் ஏற்றுக்கொண்ட முன்பதிவுகளை இருவரும் சேர்ந்தே முடித்துத் தர வேண்டும். குளியலறைகள் வீட்டோடு நிற்கும். அவற்றுக்கு நான் போட்ட பணம் வருடா வருடம் தேய்மானம் கழித்துத் திரும்பி வரும். கையெழுத்திட்டு, நிறுவனத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவும் செய்தோம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது. அதன் பிறகுதான் வங்கியில் நிறுவனத்தின் பெயரில் கணக்குத் தொடங்கினோம்.